சனிக்கிழமைக் கிளினிக்கைத் திருப்பிக் கொடுங்கள்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்களுக்கும்,

எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியின் கடைசி அறைக் கதவில் போன ஆடி மாதம் ஒரு தாள் ஒட்டப்பட்டது. அரைத் தாள், நீல மை. ‘மனநலப் பிரிவு இனி இங்கு கிடையாது. செவ்வாய், வியாழன் தலைமை மருத்துவமனைக்குப் போகவும்.’ கீழே பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. என் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் படாமல் ஒதுங்கி நின்றாள். சுவர் அவளுக்கு ஆகாது. அந்த வராந்தாவில் அன்றைக்கு ஏழு குடும்பங்கள் இருந்தோம். மாதம் இரண்டு சனிக்கிழமை பார்த்துப் பழகிய முகங்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பையனின் அப்பா மட்டும் அந்தத் தாளைப் படம் பிடித்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், ஒரு ஷிப்டை விட்டுவிட்டு வந்து மனு கொடுத்தேன். 23 நாள் கழித்துப் போனில் பதில் வந்தது. ‘மனநலச் சேவை தலைமை மருத்துவமனையில் கிடைக்கிறது. மனு முடித்து வைக்கப்பட்டது.’ கதவில் இருந்த அதே சேதிதான், கொஞ்சம் நல்ல தமிழில். அதனால்தான் இதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர் எழுதவில்லை. எழுதினால் அங்கே சீட்டுப் போட்டுக் கொடுக்கிற நர்ஸம்மா மேல்தான் விழும். எங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். என் மகளை அடையாளம் காட்டவும் எனக்கு இஷ்டமில்லை. பனியன் கம்பெனி வேன் காலையில் வந்து ஆள் ஏற்றிப் போகிற தூரத்தில், பாதி தோட்டமும் பாதி தறிக் குடோனுமாக இருக்கிற ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொங்கு நாட்டில் அப்படி எத்தனையோ ஊர்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ஷிப்டுக்கு 420 ரூபாய். ஒன்றரை ஷிப்டு பார்த்தால் 630. வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. மாமியார் எங்களோடு இருக்கிறார். லைன் வீட்டில் மூன்றாவது கதவு எங்களுடையது.

மகளுக்கு 11 வயதில் ஆரம்பித்தது. முதலில் வெறும் கைதான். பிறகு குழாய்த் திருகைக் கழுவிவிட்டுக் கையைக் கழுவினாள். அப்புறம் புத்தகப் பை, செருப்பு, கதவுத் தாழ்ப்பாள். ஒரு தடவை கழுவப் போனால் பதினாறு முறை. நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் முதலிலிருந்து. எங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீர் ஆறு நாளைக்கு ஒருமுறைதான் வரும். புழங்குவதற்கு வீட்டுக்கு இரண்டு ட்ரம் சப்பைத் தண்ணி. காலை எட்டு மணிக்கெல்லாம் ஒரு ட்ரம் காலியாகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா நல்லவர்தான், ஆனாலும் தண்ணி விஷயத்தில் யாரும் ரொம்ப நாளைக்கு நல்லவராக இருக்க முடியாது. சோப்பில் ஊறி ஊறி மகளுடைய விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. சாம்பார் சாதம் பிசைந்தால் அழுவாள். ஸ்பூனில் சாப்பிடு கண்ணு என்றால் அந்த ஸ்பூனையும் கழுவப் போவாள்.

ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்துபோன வீட்டில் நாயம் பேசாமல் இருப்பார்களா? ‘செல்லங் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கறே’ என்றார் நங்கையா. ‘பொட்டப்புள்ளயப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா நாளைக்குச் சீர் செய்யறப்ப நாலு பேர் கேக்க மாட்டாங்களா’ என்றார் இன்னொருவர். மாகாளியம்மன் கோயிலில் பூக் கேட்டோம். மனநோய் தீரும் என்று சொல்கிறார்களே, அந்தக் குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் போய்வந்தோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. குணசீலத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தன் தூக்குப்போசியிலிருந்து புளிச்சோற்றை எடுத்து என் கையில் வைத்து, ‘நீ எப்ப அம்மணி சாப்பிட்டே’ என்று கேட்டார். அந்த இரண்டு வருஷத்தில் என்னைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது.

தாலுகா ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்தார். ஓசிடி, எண்ணச் சுழற்சி நோய். இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது என்பதே அன்றைக்குப் பெரிய ஆறுதல். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு காலையில் அறுபது பேரைப் பார்க்கிறவர் அவர். ஆனால் ஃப்ளூவாக்ஸ்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, அது இந்த நோயில் வேலை செய்ய எட்டு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு வாரம்கூட ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் வரைக்கும் பார்த்தேன். ட்ரம் அதே மாதிரிதான் காலியாகிறது, பிள்ளைக்கு வயிற்றைப் பிரட்டுகிறது என்று நிறுத்திவிட்டேன். அடுத்த முறை போனபோது ‘யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?’ என்று திட்டு விழுந்தது. கேட்க ஆள் இல்லாமல்தானே ஐயா நிறுத்தினேன்.

செக்கிங்கில் இருப்பவளுக்கு எண்ணுகிற பழக்கம் போகாது. ஒன்றரை வருஷத்தில் 14 முறை போனோம். ஒரு முறைக்கு அதிகம் போனால் எட்டு நிமிஷம். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம்கூட இல்லை. மீதி நேரம் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டது நான்தான், ஒரு எழுத்து சொல்லிக்கொடுக்கப்படாமல். பீஸில் ஓட்டை எங்கே பார்ப்பது, கறை எங்கே பார்ப்பது என்று கம்பெனியில் புதுசாகச் சேரும் பெண்ணுக்கே இரண்டு நாள் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள்.

சொல்லித்தராததால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, சீட்டுப் பணம் எடுத்து, கோயம்புத்தூரில் தனியாக ஒரு உளவியலாளரிடம் போனோம். ஒரு தடவைக்கு 1,200 ரூபாய், அதாவது எனக்குக் கிட்டத்தட்ட மூன்று ஷிப்டு. அந்த அம்மா மகளோடு பேசி முடித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

‘பாப்பா கழுவறப்ப நீங்க என்ன செய்வீங்க?’

‘தண்ணி ஊத்திக் குடுப்பனுங்க. குழாயத் தொட்டா மறுபடியும் முதல்லருந்து கழுவுவா, அதனால நானே ஊத்திருவன்.’

‘எண்ணிக்கை யாரு சொல்றது?’

‘நாந்தானுங்க. அவளுக்கு விட்டுப்போயிரும்.’

‘தம்பி?’

‘அவன் ஸ்கூல்ல இருந்து வந்ததும் வெளியவே சட்டையக் கழட்டி, கால் கழுவிட்டுத்தான் உள்ள வரணுங்க. அது அவ வச்ச சட்டம்.’

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார். இது என் தப்பு இல்லை, எந்தத் தாயும் இதைத்தான் செய்வாள், ஆனால் நாம் இப்படி ஒத்துப்போக ஒத்துப்போக இந்த நோய் ஊன்றிக்கொள்ளும் என்று. மாத்திரை ஒரு பக்கம் என்றால், பயப்படுகிற பொருளைத் தொட வைத்து, கழுவ விடாமல், அந்தப் பதற்றம் தானாக இறங்கும்வரை கூட உட்கார்ந்திருப்பது இன்னொரு பக்கம். அதைத் தினமும் வீட்டில் செய்ய வேண்டியது குடும்பம். சின்னப் பயத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும், எடுத்த எடுப்பில் பெரிய பயத்துக்குப் போகக் கூடாது, அடிக்கவும் கூடாது, கெஞ்சவும் கூடாது. நாற்பது நிமிஷத்தில் இவ்வளவும் புரிந்தது. கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். ஒன்றரை வருஷம் சொம்பு சொம்பாக நான் ஊற்றியது மகளுக்கு என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் எங்களுக்குக் கொடுத்த பாடம் தாழ்ப்பாள். அவள் தாழ்ப்பாளைத் தொட வேண்டும், கழுவக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுவர்க்கடிகாரத்துக்கு நேராகப் பாய் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒற்றை விரலால் தொட்டாள். உடனே அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளி, அது யாருடைய கையோ மாதிரி, காற்றில் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தித் தடம் விழுந்தது. ‘அம்மா ஒரே ஒரு சொம்பு, ஒரே ஒரு சொம்பு’ என்றாள். பக்கத்துக் குடோனில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைப் பார்த்தால் எழுந்து தண்ணி எடுத்துவிடுவேன் என்று பயம். பத்து நிமிஷம் ஆனது, பதினைந்து ஆனது, வேர்த்துக் கொட்டினாள். இருபத்திரண்டாவது நிமிஷம் பிடி கொஞ்சம் தளர்ந்தது. ‘அம்மா, பசிக்குது’ என்றாள்.

அன்றைக்கு என் மகள் அந்தக் கையாலேயே ஒரு வாழைப்பழம் உரித்துத் தின்றாள். தனியாரிடம் நான்கு முறைக்கு மேல் போக எங்களால் முடியவில்லை. அந்த நான்கு முறையில் கற்றதை வைத்துத்தான் இன்று ஒரு ட்ரம் இரண்டு நாளைக்கு வருகிறது.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். அந்த நாற்பது நிமிஷத்தை அரசு ஆஸ்பத்திரியில் ஏன் எனக்குத் தர முடியவில்லை? மாவட்ட மனநலத் திட்டம் 1996ல் தொடங்கியது. மனநல மருத்துவரோடு உளவியலாளரும் மனநல சமூகப் பணியாளரும் சேர்ந்ததுதான் அந்தக் குழு. எங்கள் ஊருக்கு வந்த வண்டியில் டாக்டரும் மருந்துப் பெட்டியும் வந்தார்கள். மற்ற நாற்காலிகள் காலியாகவே வந்துபோயின. மருந்தாவது எப்போதும் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. மூன்று முறை, வெளிக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லி வெளிச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை, எங்களில் ஒரு குடும்பத்துப் பையன் சட்டக் கல்லூரியில் படிப்பதால், உட்கார்ந்து படித்துப் பார்த்தோம். 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிற சட்டம். அதில் 18ஆவது பிரிவு, அரசு கட்டாயம் தர வேண்டிய சேவைகளைச் சொல்கிறது. குழந்தைகளுக்கான மனநலச் சேவை அதில் இருக்கிறது. மனநோய் உள்ளவரின் குடும்பத்துக்குத் துணைசெய்கிற சேவை என்று தனியாகவே இருக்கிறது. குழந்தைகள், வயதானவர்கள் உட்பட யாரும் சிகிச்சைக்காக வெகுதூரம் போகும்படி ஆகக் கூடாது, இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மாத்திரைகள் வட்டார அளவிலான சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் எந்நேரமும் இலவசமாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கதவில் தாள் ஒட்டியவருக்கு இந்தப் பிரிவு தெரியுமா?

வெகுதூரம் என்றால் என்னவென்று சொல்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரிக்கு மகளிர் இலவச டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். தலைமை மருத்துவமனைக்கு இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். என் மகள் பஸ் கம்பியைப் பிடிக்க மாட்டாள், சீட்டில் சாய மாட்டாள். நடுவில் நின்று என் கையைக் கோத்துக்கொள்வாள். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து யார் மேலாவது போய் விழுவோம். விழுந்த இடமெல்லாம் அவளுக்கு அழுக்கு. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவள் ஓய்ந்துபோயிருப்பாள், டாக்டர் கேட்பதற்குத் தலையாட்டக்கூடத் தெம்பு இருக்காது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பொழுதோடதான் வீடு. செவ்வாய்க்கிழமை லீவு கேட்டால் காண்ட்ராக்டர் சனிக்கிழமை சம்பளம் வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். சனிக்கிழமை என்றால் பள்ளிக்கூடமும் போகாது, நானும் மத்தியானம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். அந்த ஒரு நாள்தான் எங்களுக்குத் தோதான நாள்.

ஏழு குடும்பத்தில் இப்போது தலைமை மருத்துவமனைக்குப் போவது மூன்று. மற்ற நான்கு பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு பையனுக்கு 16 வயது, மாத்திரை திடீரென்று நின்றுபோய், பதினைந்து நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை. உங்கள் பதிவேட்டில் அவன் ‘வரவில்லை’ என்று மட்டும் இருப்பான்.

இன்னொன்று. என் மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் மாதம் தவறாமல் வந்து, ஊசி குத்திச் சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு, மாமியாரோடு ஐந்து நிமிஷம் நாயம் பேசிவிட்டுப் போகிறாள். நல்ல திட்டம், யார் கேட்டாலும் சொல்வேன். அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிற என் மகளின் மாத்திரைக்கு மட்டும் நான் இரண்டு பஸ் ஏற வேண்டும். அந்தப் பெண்ணின் பையில் இன்னொரு அட்டை மாத்திரைக்கு இடம் இல்லையா?

தம்பியைப் பற்றியும் எழுத வேண்டும், அவனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவன் எதைத் தொட்டாலும் அக்கா கத்துவாள் என்பதால், ரொம்ப நாள் அவன் வெளியே படியில் நின்றுகொண்டே சாப்பிட்டான். ஒருநாள் வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பினார். பையன் பள்ளிக்கூடத்திலும் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே டிபன் பாக்ஸைத் திறக்கிறானாம். எனக்குத் தலை சுற்றியது. மூத்தவளைப் பார்ப்பதா, சின்னவனைப் பார்ப்பதா என்று அன்றைக்கு ராத்திரி தோட்டத்துக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். 14416க்குப் போன் செய்தேன். டெலிமானஸ் என்று 2022 அக்டோபரிலிருந்து ராத்திரி பகல் எந்நேரமும் எடுக்கிற இலவச எண். எடுத்த பெண் தமிழில், அவசரமில்லாமல், முக்கால் மணி நேரம் பேசினாள். அவளுக்கு என் நன்றி. இதைப் படிக்கிற எந்தத் தாயும் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். நேரில் பார்க்க வேண்டியதை நேரில்தான் பார்க்க வேண்டும் என்று அவளே சொன்னாள். காலையில் யாரிடம் போவது என்று யோசித்தேன். எங்களுக்கிருந்த கதவில் தாள் ஒட்டியிருந்தது.

என் டேபிளுக்கு எதிர் டேபிளில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் வேலை செய்கிறாள். அவளுடைய மகனுக்கு ஐந்து வயது, பேச்சு வரவில்லை, யார் கண்ணையும் நேராகப் பார்க்க மாட்டான். கூட ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர்கள் தமிழில் சொன்ன பயிற்சிக்கெல்லாம் தலையாட்டினாள். வெளியே வந்து, ‘அக்கா, என்ன சொன்னாங்க?’ என்று என்னிடம் கேட்டாள். எனக்கு அப்புச்சி வீடு பக்கத்து ஊரில் இருக்கிறது, ஒரு நேரம் பிள்ளையை விட்டுப்போகலாம். அவளுக்கு லைன் வீட்டுக் கதவைப் பூட்டினால் உலகமே அதற்குள்தான். இந்த ஊர்களின் தொழிலே இன்று வெளியூர் ஆட்களால்தான் நடக்கிறது, அவர்களுடைய பிள்ளைகளும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள்தான். வெள்ளைக்காரர் ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் குழந்தைகள் அறையைத் திறந்து பொம்மை அடுக்குகிற கம்பெனிகளுக்கும் இதைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகள் முதலில் படித்த தனியார் பள்ளியில், ‘மத்த பேரண்ட்ஸ் கேக்கறாங்க’ என்று சொல்லி டிசியைக் கையில் கொடுத்தார்கள். அரசுப் பள்ளியில் சேர்த்தேன். அங்கே ஒரு டீச்சர் அவளைக் குழாய்க்குத் தள்ளியிருக்கிற பெஞ்சில் உட்காரவைத்து, மணிக்கு ஒருமுறை மட்டும் வெளியே போகலாம் என்று அவளோடு ஒப்பந்தம் போட்டார். யாரும் சொல்லித்தராமல் அவரே யோசித்துச் செய்தது. என் அண்ணன் மகனை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில், மார்க் குறைந்ததால் செக்‌ஷன் மாற்றி, பேரைப் பலகையில் எழுதிப்போட்டார்கள். அவனுக்குத் தூக்கமில்லாமல் போய், கடைசியில் ‘வந்து கூட்டிட்டுப் போங்க’ என்று ஒரு போன்தான் வீட்டுக்கு வந்தது.

நீட் பயிற்சிக்குப் படித்த மாணவி இறந்துபோன வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாட்டுக்கே சில விதிகளைச் சொன்னது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். முடிந்தவரை மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. இதைக் கண்காணிக்க மாவட்டக் குழு, அதற்குத் தலைவர் ஆட்சியர். ஆட்சியர் அம்மா, ஐயா, யாராக இருந்தாலும் சரி, அந்தக் குழு கூடியதா?

இந்தப் பிள்ளைகள் ஏதோ நாலைந்து பேர் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் இருக்கிற நிம்ஹான்ஸ் என்கிற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி 2015-16ல் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. அதில் 13 வயதிலிருந்து 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூன்று பேர். எங்கள் வேனில் வருகிற பெண்களிடம் என் மகளைப் பற்றி ஒருநாள் வாய்திறந்தேன். அடுத்த வாரத்துக்குள் நான்கு பேர் தனித்தனியாக வந்து, மெதுவான குரலில், ‘என் பையனுக்கும்தான் அக்கா’ என்றார்கள். ஒரே வேனில்.

கொங்குக்காரர்களுக்கு மனு கொடுத்துக் காத்திருப்பது ஒன்றும் புதிதில்லை. அத்திக்கடவு - அவினாசித் தண்ணீருக்கு அப்பாரு காலத்தில் கேட்க ஆரம்பித்தது, 2024 ஆகஸ்டில்தான் வந்தது. 1,045 குளம் குட்டைகளுக்கு என்று கேட்டபோது எங்கள் வீட்டிலும் சந்தோஷப்பட்டோம். குளம் அறுபது வருஷம் வறண்டு கிடந்தாலும் தண்ணி விட்டால் நிறையும். என் மகளுக்கு 13 வயது இந்த ஒரு வருஷம்தான்.

ஆகவே கேட்கிறோம்.

தாலுகா ஆஸ்பத்திரியில் மாதம் இரண்டு சனிக்கிழமை நடந்த மனநலக் கிளினிக்கை இந்த மாதமே திரும்பத் தொடங்குங்கள். டாக்டர் வர முடியாத சனிக்கிழமையில் உளவியலாளராவது வரட்டும். மாவட்டக் குழுவில் காலியாக இருக்கிற உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர் இடங்களை நிரப்புங்கள். எத்தனை இடம், எத்தனை காலி என்று ஆஸ்பத்திரிப் பலகையில் எழுதிப்போடுங்கள். ரத்த வகை இருப்பைப் பலகையில் எழுதுகிறீர்களே, அது மாதிரி.

புதிதாக ஒரு பிள்ளைக்கு நோய் என்ன என்று சொன்னால், பதினைந்து நாளுக்குள் அந்தக் குடும்பத்துக்கு நாற்பது நிமிஷம் ஒதுக்குங்கள். பிள்ளைக்கு அல்ல, குடும்பத்துக்கு. இது என்ன நோய், மாத்திரை எத்தனை வாரத்தில் வேலை செய்யும், எதைத் தாங்கிக்கொள்ள வேண்டும், எப்போது உடனே ஓடிவர வேண்டும், வீட்டில் எதைச் செய்யக் கூடாது என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். அதையே ஒரு தாளில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்துக் கையில் கொடுங்கள். கூடப் பிறந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வியும், ‘நீங்க தூங்கறீங்களா’ என்று ஒரு கேள்வியும் அந்த நாற்பது நிமிஷத்துக்குள் இருக்கட்டும்.

டாக்டர் நிலையாக எழுதிக்கொடுத்த மாத்திரைகளை மாமியாரின் மாத்திரையோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்புங்கள். அது முடியாது என்றால் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துக் கொடுங்கள். வெளிச்சீட்டு எழுதுவதை நிறுத்துங்கள்.

அந்த ஏழு குடும்பமும் இன்னும் சில பேரும் மாதத்துக்கு ஒருநாள் கூடிப் பேச ஓர் இடம் கொடுங்கள். சமுதாயக் கூடம், ஞாயிற்றுக்கிழமையில் சத்துணவுக் கூடம், எதுவானாலும் சரி. டீ நாங்கள் வைத்துக்கொள்கிறோம். உளவியலாளர் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் போதும். தாழ்ப்பாளைத் தொட வைத்த கதையை நான் இதுவரை ஐந்து தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன். நான் சொல்வதில் தப்பு இருந்தால் திருத்த எங்களுக்கு ஆள் வேண்டும்.

பனியன், தறி முதலாளிகள் சங்கங்களைக் கூப்பிட்டு வைத்து, மனநலக் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிற தாய்க்கோ தகப்பனுக்கோ மாதம் ஒரு அரை ஷிப்டு சம்பளத்தோடு கொடுக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் போதும் என்று வைத்துக்கொள்ளட்டும், எந்தப் பிரிவுச் சீட்டு என்று கேட்க வேண்டாம்.

மனநோய் என்பதற்காக எந்தப் பள்ளியும் டிசி கொடுக்கக் கூடாது என்று இந்த மாவட்டத்து எல்லாப் பள்ளிகளுக்கும், விடுதிப் பள்ளிகளுக்கும் சேர்த்து, எழுத்தில் அனுப்புங்கள். உச்ச நீதிமன்றம் சொன்ன மாவட்டக் குழுவைக் கூட்டி, அதில் எங்களைப் போல இரண்டு தாய்மாரைச் சேருங்கள். ஷிப்டு போனாலும் வருவோம்.

பதிலை என் போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டாம். அதே கடைசி அறைக் கதவில், அந்த அரைத் தாளைக் கிழித்துவிட்டு, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மணிக்கு, யார் வருவார்கள் என்று எழுதி ஒட்டுங்கள். கீழே கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், செக்கிங் பிரிவு
(வராந்தாவில் நின்ற மற்ற ஆறு குடும்பங்களும் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்னது)